வீட்டுக்கு ஒரு முளை

கவுன்சிலில் இருந்து ஒரு காகிதம் வந்தது. எங்கள் திடலைப் புதுப்பிக்கப் போகிறார்களாம். திடலில் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று குடியிருப்பவர்கள் இரண்டு வரியில் எழுதித் தர வேண்டுமாம்.

அன்றைக்கு என்னைப் பார்க்க நாலு பேர் வந்திருந்தார்கள். சர்வே பகுதியில் இப்போது நிலம் அளக்கும் சங்கிலி பிடிப்பவர்கள். அதில் ஒருவர் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஒங்க காலத்துல சனங்கள யாரு அண்ணே கேட்டா? தொர கோடு போட்டா ரோடு. அவ்ளோதான்லா."

இல்லை. ஒரு தடவை கேட்டார்கள். அதைச் சொன்னேன். கேட்டவர்கள் அதைத் தங்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதச் சொன்னார்கள். எனக்குப் பேச்சே அதிகம் வராது. எழுத்து அதற்கும் கீழே. எழுதுகிறேன்.

நான் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பால் வெட்டியவன். ரப்பர் விலை விழுந்தபோது ஆளைக் குறைத்தார்கள். நானும் என் வீட்டுக்காரி பாக்கியமும் ஈப்போவுக்கு வந்தோம். இப்போதைய கவுன்சிலுக்கு அப்போது பேர் போர்டு. அதில் சங்கிலி பிடிக்கும் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும் வரை அதைத்தான் பிடித்தேன்.

சங்கிலிக்கு அறுபத்தாறு அடி. நூறு கண்ணி. பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும். பத்துக்கு ஒரு பல், இருபதுக்கு இரண்டு, முப்பதுக்கு மூன்று, நாற்பதுக்கு நாலு. ஐம்பதுக்கு வட்டம். மறு முனையில் இருந்தும் இதே கணக்குத்தான். அதனால் நாற்பதுக்கும் நாலு பல், அறுபதுக்கும் நாலு பல். எந்த முனையில் தொடங்கினோம் என்பது மனதில் இருக்க வேண்டும். முதல் வருஷம் எனக்கு இல்லை. ஒரு சாக்கடை காகிதத்தில் இருபது கண்ணி நகர்ந்து ஒரு சீனர் வீட்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டது.

அந்தப் பிழையைக் கண்டுபிடித்தவர் ஓவர்சியர் நாகலிங்கம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டு, கறுப்புக் குடை, மடக்கு ஸ்டூல். பென்சிலை நூலில் கட்டிக் கோட்டுப் பொத்தானில் தொங்கவிட்டிருப்பார். யாரையும் திட்ட மாட்டார். கை ஓங்க மாட்டார். பிழை கண்டால் ஒரே சொல்தான்.

"இன்னொருக்கா."

முழு ரோட்டையும் மறுபடி அளக்க வேண்டும். வெயில், மழை என்று பார்க்க மாட்டார். அவரும் குடையோடு கூடவே நடப்பார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருக்கும்.

எங்கள் லயன் வீடுகள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். நாற்பது வாசல். போர்டு ஆட்கள், ரயில்வே ஆட்கள், மூலையில் ஒரு சீனர் கடை. நடுவில் ஒரு வெறும் திடல். பிள்ளைகள் அதில்தான் கிடக்கும். மழை பெய்தால் குளம், வெயில் அடித்தால் புழுதி.

ஒரு திங்கட்கிழமை ஐயா என்னைக் கூப்பிட்டார்.

"உங்கடை திடலிலை மாட்டு வண்டி நிப்பாட்டப் போகினமாம். சனிக்கிழமை போர்டு கூட்டத்திலை முடிவு."

ஊர் வண்டி எல்லாம் எங்கள் வாசலில் நின்றால் சாணி, ஈ, வண்டிக்காரர்களின் வாய். பிள்ளைகள் தண்டவாளத்துக்குத்தான் விளையாடப் போகும்.

"புதுசா வந்த இஞ்சினியர் துரை வேண்டாம் எண்டு நிக்கிறார். பிள்ளையள் விளையாடுற இடமாக்க வேணுமாம். ஆனா சனம் தங்களுக்கு என்ன வேணும் எண்டு தாங்களே காட்ட வேணுமாம். சனம் காட்டின பிளான் சனிக்கிழமை காலமை துரையின்ரை கையிலை இருந்தால் திடல் தப்பும். இல்லையெண்டால் வண்டி."

ஐயாவுக்கு இதில் நம்பிக்கை இல்லை. முகத்தில் தெரிந்தது. ஆனால் துரை சொன்ன முறையை ஒரு புள்ளி விடாமல் செய்தார். நாற்பது மர முளை சீவச் சொன்னார். ஒன்றரை அடி நீளம். தலையில் சாயம். சிவப்பு என்றால் ஊஞ்சல். வெள்ளை என்றால் பெஞ்சு. நீலம் என்றால் தண்ணீர்க் குழாய். வீட்டுக்கு ஒரு முளை. தங்களுக்கு வேண்டியதன் நிறத்தை எடுத்து, அது எங்கே வர வேண்டுமோ அங்கே அடிக்க வேண்டும். நாங்கள் அளந்து பிளானில் ஏற்றுவோம்.

இதைத் தமுக்கு அடித்துச் சொல்ல வேண்டும். ஐயா ஒரு முழுத் தாளில் எழுதி என்னிடம் இரண்டு தடவை வாசித்தார். கனம் பொருந்திய குடிமக்களே என்று தொடங்கும்.

"விளங்கிச்சுதோ?"

"வெளங்குச்சு ஐயா."

செவ்வாய் மாலை லயனுக்கு நடுவில் நின்று தமுக்கை அடித்தேன். நாற்பது வாசலும் திரும்பிப் பார்த்தது. அத்தனை பேர் முன்னால் பேசிப் பழக்கம் இல்லை. தாளில் இருந்தது எல்லாம் தொண்டைக்குக் கீழே நின்றுவிட்டது. சாரத்தை மட்டும் சொன்னேன்.

"வீட்டுக்கு ஒரு முள. வேணுங்கற எடத்துல அடிச்சிக்கங்க. சனிக்கெழம தொர வந்து பாப்பாரு."

அவ்வளவுதான்.

சிவப்பு முளைக்கு அடிதடி. ஊஞ்சல் மேல் இத்தனை ஆசையா என்று நினைத்துக்கொண்டேன். மூலைக் கடை முதலாளி தவுக்கே சிவப்புதான் ராசி என்று இரண்டு கேட்டார். வீட்டுக்கு ஒன்றுதான் என்றேன். அவரும் தலையாட்டினார்.

புதன் விடிகாலை ஐயாவும் நானும் ரயிலேறிப் பத்து காஜா என்ற ஊருக்குப் போய்விட்டோம். அங்கே ஒரு பாலம் அளக்க வேண்டியிருந்தது. திரும்பும்போது இருட்டிவிட்டது. பாக்கியம் சோறு போட்டாள். அவள் கெண்டைக்கால் வரை மண். ஏன் என்று நான் கேட்கவில்லை.

வியாழன் காலை சங்கிலியோடு திடலுக்குப் போனோம். ஐயா குடையைச் சுருக்கினார். பிறகு விரித்தார்.

திடலில் திடல் இல்லை. நாற்பது முளையைச் சுற்றியும் கயிறு. ஒருவர் கத்திரிச் செடி நட்டிருந்தார். ஒருவர் கோழிக்கூட்டைத் தூக்கி வந்து வைத்திருந்தார். தவுக்கே நாலு கள்ளிப்பெட்டியை அடுக்கி அதன் மேல் உட்கார்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். முளைக்கு ஒரு ஆள் காவல். ஆள் இல்லாத முளைக்குப் பாய்.

ஓரத்தில் இரண்டு சீனத்திகள், ஈயம் அரிக்கும் மரத்தட்டோடு. கோப்பெங்கில் இருந்து வந்திருந்தார்கள். என்னிடம் மலாயில் கேட்டார்கள்.

"அடா தீமா?"

ஈயம் இருக்கிறதா என்று. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஈப்போவைச் சுற்றிய எங்கள் கிந்தாப் பகுதியில் முளை என்றால் என்ன? ஈயம் தேடுகிறவன் காட்டுக்குள் போவான். நல்ல மண்ணைக் கண்டால் நாலு மூலையிலும் முளை அடிப்பான். அன்றில் இருந்து அது அவன் இடம். சுற்று வட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முளை அடித்தவனுக்கு மண். நான் வீட்டுக்கு ஒரு முளை கொடுத்து, வேண்டிய இடத்தில் அடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். துரை வந்து பார்ப்பார் என்றும் சொல்லிவிட்டேன். பட்டா ஒன்றுதான் பாக்கி.

ஐயா என்னைப் பார்த்தார்.

"சனத்துக்கு என்ன சொன்னனீ? அப்பிடியே சொல்லு."

சொன்னேன். மூன்று வாக்கியம்.

"நான் ஒரு தாள் முழுக்க எழுதினனான்."

"ஆமா ஐயா."

"மிச்சம் எங்கை?"

நான் சங்கிலியைப் பிரிக்கத் தொடங்கினேன். அதுதானே எனக்கு வரும்.

கிழக்கோரத்தில் ஒரு சிவப்பு முளை. பக்கத்தில் மிளகாய்ச் செடி. அதற்குப் பக்கத்தில் பாக்கியம்.

"நீயுமா?" என்றேன்.

"வீட்டுக்கு ஒண்ணுன்னு நீங்கதான சொன்னீங்க? நம்மளும் வீடுதான?"

"நான் சொன்னது அது இல்ல."

"நீங்க என்னிக்கி முழுசாச் சொல்லியிருக்கீங்க? கல்யாணத்தப்பவே 'சுங்கை சிப்புட்டு, பால் வெட்டு'ன்னு ரெண்டு வார்த்த. அத நம்பித்தான வந்தேன்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஐயாவின் மீசையும் கொஞ்சம் அசைந்தது.

"இது வெளையாட்டுத் தெடலு. தொர நெலம் குடுக்கல. பிளான் குடுக்கலன்னா வண்டி நிக்கும்" என்றேன்.

"அப்ப எல்லாரும் புடுங்கட்டும். நானும் புடுங்குறேன்."

எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். பக்கத்து ஆள் பிடுங்கினால் நான் பிடுங்குகிறேன். பக்கத்து ஆளும் பக்கத்து ஆளைப் பார்த்தார். நாற்பது பேரும் ஒரு சுற்று பார்த்து முடித்தார்கள்.

ஐயா ஸ்டூலை விரித்து ஒரு மூலையில் உட்கார்ந்தார். புத்தகத்தைத் திறந்தார்.

"சரி. எல்லாம் உங்கடை காணிதான். அளப்பம்."

ஒவ்வொருவரையும் அவரவர் இடம் எதுவரை என்று காட்டச் சொன்னார். சங்கிலியின் ஒரு முனையை அவர்களிடமே கொடுத்தார். யாரும் குறைத்து நடக்கவில்லை. ஒருவர் பக்கத்து முளையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து, "காத்து தள்ளிருச்சு" என்றார். ஐயா எல்லாவற்றையும் எழுதினார். கூட்டினார். பிறகு வாசித்தார். நாற்பது பேர் சொன்னதையும் சேர்த்தால் திடல் ரயில் பாதையைத் தாண்டி, சந்தையைத் தாண்டி, கிந்தா ஆற்றுக்குள் இறங்குகிறது.

"ஆத்துக்குள்ளை யார் இருக்கிறியள்? கையை உயர்த்துங்கோ."

ஒருவரும் உயர்த்தவில்லை.

இதில் சூசையம்மாவின் முளையை மட்டும் அளக்கவே முடியவில்லை. சூசையம்மா புருஷன் இல்லாதவர். மருமகனின் ரயில்வே ரூமில் ஒண்டியிருந்தார். ஒரு மாடு வைத்துப் பால் விற்றார். முளையைத் திடலுக்கு நடுநடுவே அடித்து அதில் மாட்டைக் கட்டியிருந்தார். முதல் தடவை அளந்தேன். தொண்ணூற்றாறு கண்ணி. ஐயா சரிபார்க்கச் சொன்னார். நூற்று நாலு.

"இன்னொருக்கா."

எண்பத்தொன்று.

"இன்னொருக்கா."

நாலாவது தடவை நான் குனிந்திருக்கும்போதே முளை என்னைத் தாண்டி நடந்து போனது. பின்னால் மாடு. அதற்குப் பின்னால் சூசையம்மா.

"புடி தம்பி! எஞ் சொத்து ஓடுது!"

மதியத்துக்கு மேல் ஐயா அடுத்த கேள்வியைக் கேட்டார். "நடுவிலை இருக்கிறவை வெளியிலை போறது எந்தப் பக்கத்தாலை?"

யாரும் அதை யோசித்திருக்கவில்லை. ஓரத்தில் இருந்தவர்கள் கயிற்றை இறுக்கினார்கள். பாதைக்கு ஒரு அடிகூட விடமாட்டோம் என்றார்கள். நடுவில் இருந்தவர்கள் ஏசினார்கள். "அப்ப நாங்க பறந்தா போறது?" "எறங்குறப்ப எங் கத்திரிக்கா மேல எறங்காத." அரை மணி நேரம் இப்படிப் போனது. வெளியே போக வழி இல்லாதவர்கள் முதலில் முளையைப் பிடுங்கினார்கள். பின்னால் சிரிப்பு தாங்காமல் ஓரத்தில் இருந்தவர்களும் பிடுங்கினார்கள். தவுக்கே கடைசியாகப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு போனார். தட்டுக்காரிகள் இருவரும் அவர் கடையில் ஆளுக்கு ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு கோப்பெங்கிற்குத் திரும்பினார்கள்.

கயிறுகள் மட்டும் கிடந்தன. அவிழ்க்க நேரமில்லை. பிள்ளைகள் அதற்குள் கட்டம் கட்டமாய்ப் பிரிந்து கிளித்தட்டு ஆடத் தொடங்கிவிட்டன. ஐயா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். புத்தகத்தில் ஏதோ எழுதினார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். தாளை நீட்டினார். நாற்பது வாசலிலும் போய் முழுத் தாளையும் சொல்ல வேண்டும். கனம் பொருந்திய குடிமக்களேயில் இருந்து. அவர் கூட வருவார். ஒரு சொல் விட்டால் அதே வாசலில் மறுபடி. வெள்ளி மதியம் வரை அந்த வேலைதான். பன்னிரண்டாவது வாசலில் என் தொண்டை போனது. இருபதாவது வாசலில் பிள்ளைகள் என்னோடு சேர்ந்து சொன்னார்கள். என் வாசல் முப்பத்து மூன்றாவது. பாக்கியம் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"இவ்ளோ பேச்சு ஒங்களுக்குள்ள இருந்துச்சா?"

வேண்டிய நிறத்துக்குத் தலைச்சாயத்தை மாற்றிக்கொண்டு முளைகள் மறுபடி இறங்கின. இந்தத் தடவை சரியாக. அநேகம் பேர் தண்ணீர்க் குழாய் கேட்டார்கள். ஊஞ்சல் கேட்டவர்களும் இருந்தார்கள். கிழவர்கள் பெஞ்சு. முப்பத்தொன்பது முளை.

ஒன்று மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. நடுவில். மாட்டோடு.

நான்தான் பேசப் போனேன். "அக்கா, முளய எடுங்க. நாளக்கிக் காலைல தொர வாராரு. நீங்க நெலம்னு உக்காந்திருந்தா பிளான் இல்ல. வண்டிதான் வரும்."

"வழி இல்லன்னா இல்ல. நா வெளிய போகல. இங்கனயே இருந்துக்கிறேன்."

"மாடு?"

"அதுவும் இருக்கும்."

நான் நின்றேன். அவரும் நின்றார். பேசாமல் நிற்பதில் எனக்குப் பழக்கம் உண்டு. கடைசியில் அவர்தான் பேசினார்.

"தோட்டத்துல இருபது வருசம். ரூம்பு தொரையோடது. இங்க ரூம்பு ரயில்வேயோடது. எங்க ஊட்டுக்காரரு குழி மேல நிக்கிற சிலுவகூட கோயிலோடது. எம் பேர்ல என்னா இருக்கு, சொல்லு? இந்த மாடு. அதுவும் பாதி நேரம் எஞ் சொல் கேக்குறதில்ல. ஒரு முள, ஒரே ஒரு முள எம் பேர்ல இருக்கக் கூடாதா?"

ஐயாவிடம் போய் அப்படியே சொன்னேன். ஒரு சொல் விடவில்லை.

ஐயா ஸ்டூலில் இருந்தபடி பென்சிலை நூலோடு சுழற்றினார். பிறகு எழுந்து நடுவே போனார். குடையால் முளையைத் தொட்டார்.

"அம்மா, பிளான் எண்டால் ஒரு முளையிலை துவங்க வேணும். மற்றது எல்லாம் அதிலையிருந்துதான் அளக்கிறது. குழாய், பெஞ்சு, ஊஞ்சல் எல்லாம். அந்த முளையைப் பிடுங்கேலாது. பிடுங்கினால் பிளான் செத்துப்போம். அளவு துவங்க வேண்டிய மூலைக்கல்லை இங்கை காணேல்லை. எனக்கு ஒரு முளை வேணும். உங்கடையைத் தருவியளோ?"

"எம் பேரு எழுதுவீங்களா?"

புத்தகத்தைத் திறந்து அவர் கண் முன்னால் எழுதினார். ஆங்கிலத்தில் எழுதினார். பிறகு என்ன நினைத்தாரோ, கீழே தமிழிலும் எழுதினார். சூசையம்மா முளை. சூசையம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. எழுத்தை விரலால் எண்ணிப் பார்த்தார்.

"நெலம் எனக்கு இல்ல. அப்பிடித்தான?"

"இல்லை. திடல் உங்கடையிலையிருந்து துவங்கும். அவ்வளவுதான்."

சூசையம்மா மாட்டைப் பார்த்தார். "சரி. ஆனா யாராவது கேட்டா சொல்லணும்."

"சொல்லுறம். மாட்டை அவிழுங்கோ."

அவிழ்த்தார். நான் பெரிய சம்மட்டியால் முளையைத் தலை மட்டும் தெரிய இறக்கினேன். அளந்தேன். ஒரே தடவையில் சரி.

நடந்து வரும்போது ஐயா சொன்னார். "இரக்கத்திலை செய்தது எண்டு நினைக்காதை. மூலைக்கல் இல்லாமல் அளக்கேலாது."

"ஆமா ஐயா" என்றேன்.

மூலைக்கல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மத்தியானச் சோற்றை அதன் மேல் வைத்துத்தான் தின்பேன். அவருக்கும் தெரியும். இரண்டு நாளாக அதை மறைத்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தவர் அவர்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வாரத்தில் நான் பேசாமல் இருந்து நல்லது நடந்தது அந்த ஒரு தடவைதான்.

சனிக்கிழமை காலை துரை வந்தார். சின்ன வயது. வெயிலில் முகம் தக்காளி. பிளானை விரித்துப் பார்த்தார். நாற்பது முளையையும் நடந்து பார்த்தார். கிளித்தட்டுக் கட்டத்தை ஐயா தெற்கே தனியாகக் கோடு போட்டு வைத்திருந்தார். அதை எந்த முளையும் கேட்கவில்லையே என்று துரை கேட்டார் போல. ஐயா பிள்ளைகளைக் காட்டினார். துரை தலையாட்டினார். பிறகு பிளானின் நடுவில் விரலை வைத்தார்.

ஐயா பின்னால் எனக்குச் சொன்னார். துரை கேட்டது, இந்த இடத்தில் என்ன வரப் போகிறது என்று. ஐயா சொன்னது, ஒன்றும் வராது, எல்லாம் அங்கே இருந்துதான் வருகிறது என்று.

துரை குனிந்து முளையைப் பார்த்தார். மாடு வந்து அவர் தொப்பியை நக்கியது. சூசையம்மா ஒரு கிண்ணம் பால் நீட்டினார். துரை குடித்தார். வண்டிகள் வேறு இடத்துக்குப் போயின.

குழாய் வந்தது. பெஞ்சு வந்தது. ஊஞ்சல் இரண்டு வந்தது. மிளகாய்ச் செடியை மட்டும் பாக்கியம் பிடுங்க மறுத்தாள். பிளானில் அது இல்லை. காய்த்தது.

மர முளை மக்கியபோது ஐயா இரும்பு முளை கொடுத்தார். நான்தான் அடித்தேன். சூசையம்மா சாகும் வரை அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் பால் ஊற்றினார். யாராவது பாலில் தண்ணீர் என்று சொன்னால், "எந்தத் தெடல்ல நின்னு பேசுற தெரியுமா?" என்பார். கேட்டவர்களுக்கு நாங்கள் சொன்னோம். ஐயா கொடுத்த வாக்கு.

இப்போது கவுன்சில் காகிதத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் காலில் இடிக்கிறது என்று நடுவில் உள்ள இரும்பைப் பிடுங்கப் போவதாக அதில் போட்டிருக்கிறது. பிடுங்க வேண்டாம். இடித்தால் சுற்றி மண் கொட்டி மட்டமாக்கிக்கொள்ளுங்கள். தலை தெரியட்டும்.

இதைத்தான் எழுத வேண்டியிருந்தது. இரண்டு வரியில் அடங்கும். மருமகளும் அதைத்தான் சொன்னாள். ஆனால் அந்தத் திடலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி ஒரு தடவை பட்டவன் நான். அதனால் மலருக்கு எழுதிய இந்த முழுத் தாளையே கவுன்சில் காகிதத்தோடும் குத்தி அனுப்பியிருக்கிறேன்.